காலின்னு நெனச்சேன்

இது வேண்டாம் பாய், இந்தப் பின்னு வச்சது வேண்டவே வேண்டாம். சொன்ன வேகத்துல எனக்கே குரல் கூடிப்போச்சு, மீரான் பாய் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு ஒரு பார்வை பாக்காரு. பாக்கட்டும், அவருக்கு என்ன தெரியும். புதுசு மேஜரம்மா, சர்க்கார் பேக்டரி சரக்கு, கனமே கெடையாது, உள்ள ஒரு குண்டு கெடந்தாலும் இந்தப் பின்னு மேல தூக்கிக்கிட்டு நிக்கும், இருட்டுல தடவிப் பாத்தாலே தெரிஞ்சிரும், வயசானவங்களுக்கு இதுதான் தோதுன்னு கல்யாணத் தரகர் கணக்கா அடுக்கிக்கிட்டே போறாரு. அதுக்குத்தான்யா வேண்டாங்கேன். தடவுனாலே தெரியுற சாமான கையில வச்சிக்கிட்டு எந்த மூஞ்சியோட கோர்ட்டுல போயி நின்னு காலின்னு நெனச்சேன்னு சொல்லுவேன்? எனக்குப் பழைய மாடல் வேணும். இரும்புல செஞ்சது, மரப்பிடி போட்டது, உள்ள இருக்கா இல்லையான்னு வெளிய இருந்து சொல்லாத சாமான். வெலையும் பென்சன்காரி வாங்குறாப்ல இருக்கணும். இத நான் வாய்விட்டுச் சொல்லல, பாதிதான் சொன்னேன், எங்க காலத்துப் பிஸ்டல் மாதிரி காட்டுங்க பாய், கை அதுக்குத்தான் பழகியிருக்குன்னு. அதுவும் நெசந்தான். லைசென்ஸ்ல காரணம் தற்காப்புன்னு போட்டிருக்கு. தனியா இருக்குற பொம்பள, பட்டாளத்துல நர்சா இருந்து மேஜரா ரிட்டையர் ஆனவ, கேட்டா குடுக்கத்தான செய்வான். கீழ பாத்திரக்கடையில எவனோ குடத்துல பேர் வெட்டுதான், டர்ர்ருன்னு அந்தச் சத்தம் மாடிப்படி ஏறி வந்து என் பல்லுல நிக்கி. திருநெல்வேலி ஜங்ஷன்ல பாத்திரக்கடைக்கு மேல துப்பாக்கிக்கடை இருக்குன்னு எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரிஞ்சிருந்தா எப்படிக் கிண்டல் பண்ணியிருப்பாக. கீழ சீர்வரிசை வாங்கிட்டு மேல வந்து சம்பந்திக்கு ஒண்ணு வாங்கிக்கிடலாம்னு சொல்லியிருப்பாக. சொல்லியிருப்பாக. இப்ப யாரு சொல்லுதா.

காலின்னு நெனச்சேன். இந்த ஒத்த வாக்கியம் என் மண்டைக்குள்ள உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்கு. தூங்குனா அது, முழிச்சா அது, கோயில்ல பாட்டு பாடும்போது ராகத்தோட அது. அது நடந்ததும் இதே நவம்பர் மாசம்தான், மூணு வருசம் முந்தி. நவம்பர்னா என்னன்னு பென்சன்காரனுக்குத்தான் தெரியும், பேங்குக்குப் போயி நான் இன்னும் உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வரணும், போடலைன்னா பென்சன் நின்னு போகும். அவுகளுக்கு ரயில்வே பென்சன், எனக்கு மிலிட்டரி பென்சன், வருசா வருசம் ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம், வரும்போது அல்வா வாங்குவோம், உயிரோட இருக்குறதுக்கு அல்வான்னு அவுக சொல்லுவாக. சற்குணராஜ், எம்மாப்பிள. அன்னைக்குக் கவுண்டர்ல பேனாவக் கையில வச்சிக்கிட்டு, ஏட்டி கனி, கொஞ்சம் பொறு, மூக்குல கை வச்சி மூச்சு வருதான்னு பாத்துக்கிடுதேன், சர்க்காருக்குப் பொய் எழுதப்படாதுல்லான்னாக. கவுண்டர்ப் பிள்ளை சிரிச்சா. நானும் சிரிச்சிக்கிட்டே பாஸ்புக் மிஷின் பக்கம் திரும்புதேன். வாசக்கிட்ட நாற்காலியில பரமார்த்தலிங்கம். காவலாளி, அவனும் எக்ஸ் சர்வீஸ்காரன், சொந்தத் துப்பாக்கி சொந்த லைசென்ஸ் வச்சிருந்தாம்னு பேங்குல சேத்துக்கிட்டாங்க. வரும்போது எனக்கு சல்யூட் அடிச்சான். சாப்பாட்டு நேரம், துப்பாக்கியப் பூட்டி வைக்கணும்னு எடுத்திருக்கான், குண்டு அடுக்குற மேகசின உருவிட்டான், உருவிட்டாக் காலின்னு நெனச்சான், குழாய்க்குள்ள ஒண்ணு கெடந்துது, பாக்கல, விசைய அமுக்கிட்டான். குண்டு அவுகளுக்கு வயித்துக்குக் கீழ. எத்தனை பயலுகளுக்கு இந்தக் கைய வச்சி அமுக்கி ரத்தத்த நிறுத்தியிருக்கேன், இருபது வயசுப் பயலுவ, அம்மா அம்மான்னு என்னையக் கூப்பிட்டவனுவ. அவுகளுக்கு நிக்கல. கை உள்ள போகுது, நிக்கல. முட்டி போட்டு அமுக்கிக்கிட்டு இருக்கேன், என் கண்ணுக்கு நேரா தரையில அந்தச் சாமான் கெடக்கு. மரப்பிடியில அடிமூலையில ஒரு சில்லு பேந்திருக்கு. பிடியோட திருகாணிக் குழிக்குள்ள சந்தனமும் குங்குமமும் காஞ்சிபோயிக் கெடக்கு, ஆயுத பூஜைக்கு வச்சது, தொடைக்கல. பொட்டு வைக்கத் தெரிஞ்சிருக்கு மூதிக்கு, குழாய்க்குள்ள பாக்கத் தெரியல. அவுக கடேசியில ஒண்ணும் சொல்லல. பேனா அவுக கையிலயேதான் இருந்துது.

டீ குடிங்க மேஜரம்மாங்காரு பாய். ஆறட்டும். கோர்ட்டுல அவன் அழுதான். காலின்னு நெனச்சேன்யா, காலின்னு நெனச்சேன்யான்னு ரெண்டு தடவை. கவனக்குறைவுதான், கொல்லணும்னு நெனைப்பு இல்லன்னு தீர்ப்பு, அபராதம், லைசென்ஸ் ரத்து, அப்பறம் கோர்ட் கலையுற வரைக்கும் தண்டனை. கோர்ட் கலையுற வரைக்கும்! அப்படின்னா என்னவேன்னு வக்கீல்ட்ட கேக்கேன். சாயங்காலம் ஜட்ஜு எந்திரிச்சுப் போற வரைக்கும் அந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கணும்மா, அப்பறம் வீட்டுக்குப் போயிரலாங்கான், பள்ளிக்கூடத்துல பெஞ்சு மேல ஏத்துற மாதிரி. நானும் எதுத்த பெஞ்சுல உக்காந்துட்டேன். அவன் எம்புட்டு நேரம் இருக்கானோ நானும் இருப்பேன்னு. ஏதோ மாட்டுக் கேசு நடக்கு, வேலித் தகராறு நடக்கு, அவன் தலைய நிமித்தல. மத்தியானம் அவன் பொண்டாட்டி தூக்குவாளியில தயிர்ச்சோறு கொண்டாந்தா. தின்னான். கொஞ்சம்தான் தின்னான், ஆனாத் தின்னான். என் வீட்டுல அவுக சாப்புடுற தட்டு கமுத்திக் கெடக்கு, இவன் ஊறுகாய தொட்டுக்கிட்டுத் தின்னான், பேதியில போவான். சாயங்காலம் ஜட்ஜு எந்திரிச்சாரு, இவனும் எந்திரிச்சான், பஸ்ஸு ஏறி வீட்டுக்குப் போயிட்டான். அன்னைக்குத்தான் எனக்கு வழி தெரிஞ்சுது. இவன் எந்த ஓட்டை வழியா வெளிய போனானோ அதே ஓட்டை எனக்கும் தெறந்துதான கெடக்கு. எங்க சர்ச்சுப் பாதிரி ஐயரு ரெண்டு மட்டம் வந்துட்டாரு, அந்த மனுசன் உங்க வீட்டு வாசல்ல வந்து மன்னிப்புக் கேட்டு விழணுங்காரும்மா, ஒரே ஒரு தடவ வரட்டுமான்னு. வெரட்டி விட்டேன். இனி வரச் சொல்லலாம்னு இருக்கேன். வா லிங்கம், உக்காரு, காப்பி குடி, சீனி போதுமா. தனியா இருக்கேம்லா, பயத்துக்கு ஒண்ணு வாங்கிருக்கேன், நீயும் பட்டாளத்துக்காரன், பாத்துச் சொல்லு. எடுப்பேன். அம்புட்டுதான். போலீஸ் வந்தா அழுவேன், எனக்கா அழுகைக்குப் பஞ்சம். காலின்னு நெனச்சேன்யா. கண்ணாடி முன்ன நின்னு சொல்லிப் பாத்தேன், மொதல்ல வார்டுல ஆயாவ அதட்டுறாப்ல வந்துது. சீச்சி, இப்படிச் சொன்னா அன்னைக்கே உள்ள போட்டுருவான்னு கொரலக் கொறச்சேன். கெழவி மாதிரி சொல்லணும். நான் கெழவிதான, அது ஏன் வர மாட்டேங்கு.

அடுத்தது ஒண்ணு எடுக்காரு. எஸ்டேட் தொரை வீட்டுச் சரக்காம், வெளிநாட்டுச் சாமான், பேரன்மாருக்கு வேண்டாம்னு வித்துட்டாங்களாம். பாய்ட்ட ஒரு பழக்கம், அலமாரியில இருந்து எதை எடுத்தாலும் மொதல்ல மேல்தகட்டப் பின்னால இழுத்து உள்ள பாக்காரு, அப்பறம் நம்ம பக்கம் திருப்பிக் காட்டுதாரு, அப்பறம்தான் பிடிய நம்ம கைக்கு நீட்டுதாரு. டீக்கடைக்காரன் டம்ளர அலசிட்டுக் குடுக்க மாதிரி, நெனைக்காமச் செய்தாரு. அழகான சாமான், எனக்கு விரல் எட்டல, வெலையும் எட்டல. வச்சிருங்க பாய். வேர்க்கு. காத்தாடி சுத்துது, ஆனா வேர்க்கு. இந்த மனுசன் கண்டுபிடிச்சிருவாரோ? எத்தனை பேரு கண்ணப் பாத்திருப்பாரு, பன்னிக்கு வாங்க வந்தவன் எவன், பங்காளிக்கு வாங்க வந்தவன் எவன்னு தெரியாமலா இருக்கும். கீழ பேர் வெட்டுற சத்தம் நிக்கி. வீட்டுல ஆளு இருக்காங்களா மேஜரம்மாங்காரு. இல்ல பாய், மகன் துபாயில. மாப்பிள்ளை? போயிட்டாக. பாய் எந்திரிச்சு உள்ள போறாரு. பழைய மாடல்ல ஒண்ணு கெடக்கு, டெபாசிட்டுச் சாமான், காட்டலாமா வேண்டாமான்னு இருந்தேன், பாருங்க, பிடிச்சா எடுத்துக்கிடுங்கன்னு உள்ள இருந்தே சொல்லுதாரு. உள்ள ஒரு இரும்பு அலமாரி. லைசென்ஸ் போனவன், செத்துப்போனவன், எலெக்சன் நேரத்துல ஸ்டேஷனுக்குப் போகாம இங்கன கொண்டுவந்து ஒப்படைச்சவன், எல்லாரு சாமானும் அட்டை கட்டி அதுக்குள்ள தூங்கும்னு வரும்போதே சொன்னாரு. சாவி சத்தம் கேக்கு. எனக்கு வார்டு மருந்து அலமாரி ஞாபகம் வருது, ராத்திரி டூட்டியில இடுப்புல சாவிக்கொத்தோட அலைவேன். மருந்து எடுக்கும்போது ஒருக்கா பேரப் படிக்கணும், ஊசியில ஏத்தும்போது ஒருக்கா, ஒடஞ்ச குப்பியத் தூரப் போடும்போது ஒருக்கா. சுடப் பழகுற ரேஞ்சுலயும் அதே பாட்டுத்தான், ஒரு சர்தார் சுபேதாரு மீசைய முறுக்கிக்கிட்டுக் கத்துவாரு, சிப்பாய் குடுத்தாலும் உள்ள பாரு, ஜெனரல் குடுத்தாலும் உள்ள பாரு, உன்னையப் பெத்தவ குடுத்தாலும் உள்ள பாருன்னு. நாங்க நர்சுப் பிள்ளைய வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்போம். லிங்கத்துக்கும் எவனாவது கத்தியிருப்பாம்லா. கத்தாமலா இருந்திருப்பான். ஒரு நிமிசம் வேண்டாம், அரை நிமிசம் வேண்டாம், ஒரு கண்ண ஒருக்கா உள்ள விட்டுருந்தான்னா நாங்க அல்வா வாங்கிட்டு வீட்டுக்கு வந்திருப்போம்.

இந்தாங்கங்காரு. இழுத்தாரு, பாத்தாரு, எனக்குக் காட்டுனாரு, காலிங்காரு, பிடிய நீட்டுதாரு. வாங்குதேன். ஆண்டவரே, இதுதான். இதத்தான் தேடுனேன். கனம் அப்படியே உள்ளங்கையில வந்து உக்காருது, பிடி நீளமும் இல்ல குட்டையும் இல்ல, சுட்டுவிரல் தானாப் போயி விசைக்கு மேல பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு நிக்கி. பின்னும் கெடையாது கின்னும் கெடையாது, வாய தெறக்காத சாமான். வெலை கேட்டா, கீழ பித்தளைக் குடம் வாங்குற மாதிரிச் சொல்லுதாரு. ஏன் பாய் இம்புட்டு மலிவு? அத அப்பறம் சொல்லுதேங்காரு. செவத்தப் பாக்கேன், வெள்ளையடிச்ச வெறுஞ்செவரு, ஒரு பழைய ஆணி. அந்த ஆணி லிங்கம். அவன் மூஞ்சிய அங்க கொண்டுவந்து வைக்கேன், காப்பி டம்ளரோட, சீனி போதும் மேடம்னு சொல்லுற வாயோட. வச்சாச்சு. அமுக்குதேன். டிக். அந்தச் சின்னச் சத்தத்துல என் ஒடம்பு பூரா ஒரு சுகம் எறங்கி ஓடுது, பொய் சொல்லல, அவுக போன பெறவு எனக்கு வந்த மொதல் சுகம் அதுதான். இன்னொருக்கா அமுக்கணும்போல இருக்கு. அப்பத்தான் என் கட்டைவிரல் எதையோ தொடுது. பிடிக்கு அடிமூலை. ஒரு சில்லு பேந்திருக்கு. திருப்பிப் பாக்கேன். திருகாணிக் குழிக்குள்ள மஞ்சளா, செவப்பா, கல்லாக் காஞ்சுபோயி, இன்னும் தொடைக்காம.

பாய் என் மூஞ்சியப் பாக்கல, துணிய மடிச்சிக்கிட்டே சொல்லுதாரு. சொல்லிரணும்லாம்மா, மறைச்சு விக்கப்படாது. இது ஒரு உசுரு போன சாமான். ஒரு பேங்குல கைதவறி வெடிச்சது. கோர்ட்டு திருப்பிக் குடுத்துட்டு, ஆனா அந்தாளுக்கு லைசென்ஸ் போயிட்டுல்லா, வீட்டுல வச்சிக்கிட முடியாது, இங்கன டெபாசிட் பண்ணிட்டாரு. மாசத்துல ஒருக்கா வருவாரு. உள்ள வர மாட்டாரு, படியில நின்னுக்கிட்டே வித்தாச்சான்னு கேப்பாரு, இல்லம்பேன், போயிருவாரு. வந்து பாத்தவுக எல்லாம் கதையக் கேட்டுட்டு வேண்டாம்னு போயிட்டாக. ரெண்டு பேரு கதை தெரிஞ்சும் கேட்டாக, நாந்தான் குடுக்கல. அவரு ஒண்ணு சொல்லி வச்சிருக்காரு, குழாய்க்குள்ள பாக்குற ஆளுக்குத்தான் குடுக்கணும்னு. நான் காலின்னு காட்டிக் குடுத்தாலும், அத நம்பாமத் தானும் ஒருக்கா இழுத்துப் பாக்குற ஆளுக்குத்தான்னு. ஒருத்தரும் பாக்கலம்மா. கையில வாங்குனதும் செவத்துக்கு நீட்டி அமுக்குவாங்க. நீங்கதான் பாத்திய.

பாத்தேனா? நானா? எப்பப் பாத்தேன்? வாங்குனேன், கனம் வந்து உக்காந்துது, செவத்தப் பாத்தேன், ஆணியப் பாத்தேன். நடுவுல இழுத்தேனா? நான் இழுத்துப் பாக்கலியே பாய்ங்கேன். என்னம்மா, இழுத்திய, வெளிச்சத்துக்குத் திருப்புனிய, கண்ண உள்ள விட்டிய, விரலையும் விட்டிய, அப்பறம்லா அமுக்குனியங்காரு. கைய விரிச்சுப் பாக்கேன், சுண்டுவிரல் நுனியில எண்ணெய். என் கை எனக்குத் தெரியாம வேலை பாத்திருக்கு. என்னையக் காட்டிக் குடுத்துட்டு, சண்டாளக் கை. நாளைக்கு அவன் எதுத்தாப்ல காப்பி குடிச்சிக்கிட்டு இருக்கும்போதும் இது இழுக்கும். பாக்கும். குண்டு கெடக்குன்னு பாக்கும். பாத்துட்டுத்தான் அமுக்கும். அதுக்கு மேல நான் யாரு முன்ன நின்னு எந்தக் கொரல்ல சொன்னாலும், கெழவி மாதிரி சொன்னாலும், காலின்னு நெனச்சேங்குறது என் வாயில ஒட்டாது. அவன் பாக்காமக் கொன்னான். நான் பாத்துட்டுக் கொல்லணும். கொல்லலாம், ஏன், எனக்கென்ன, ஜெயில்ல இருந்தா என்ன, அந்த வீட்டுல கமுத்துன தட்டப் பாத்துக்கிட்டு இருந்தா என்ன. ஆனா அப்படிக் கொன்னா அவன் செஞ்சத விடப் பெருசா ஒண்ண நான் செஞ்சவளாவேன், அவன் செத்து மேல போயி அவுக பக்கத்துல நின்னுக்கிட்டு என்னையப் பாப்பான். அவனுக்கு அந்த எடத்த நான் குடுக்கணுமா? குடுக்க மாட்டேன். மன்னிச்சிட்டாளாக்கும்னு எவனும் நெனச்சிரப்படாது, ஐயரு ஆகட்டும் யாராகட்டும். எரியுது. இப்பவும் இந்தா, அடிவயித்துல இருந்து எரியுது. படியில நின்னு வித்தாச்சான்னு கேக்கானாமே. உள்ள வரமாட்டானாமே. பொட்டிக்குள்ள கெடக்குற இரும்புக்குப் பயப்படுதான். பயப்படட்டும், நல்லாப் பயப்படட்டும்.

மேகசின உருவி, ரெண்டையும் தனித்தனியா மேசையில கெடக்குற பச்சைத் துணியில வைக்கேன். வேண்டாமாம்மாங்காரு. வேண்டாம் பாய். யாருக்கும் விக்காதிய, அலமாரியிலயே கெடக்கட்டும். அவன் அடுத்த தடவ வந்தான்னா நான் சொல்லுறதச் சொல்லுங்க. சற்குணராஜ் பொண்டாட்டி வந்தாள்னு, மேஜர் ஜெபக்கனின்னு பேரு சொல்லுங்க. பாய் நாற்காலியில இருந்து எந்திரிச்சிட்டாரு. தொப்பியக் கழட்டுதாரு, திரும்ப வைக்காரு. அல்லாவே, எனக்குத் தெரியாதும்மாங்காரு. தெரியாதுதான், உக்காருங்க. உன் சாமானக் கையில வாங்குனாள்னு சொல்லுங்க. காலின்னு நீங்க காட்டின பெறவும் குழாய்க்குள்ள பாத்தாள்னு சொல்லுங்க. பாக்குறதுக்கு எம்புட்டு நேரம் ஆச்சுன்னும் சொல்லுங்க. எம்புட்டு நேரம்மா ஆச்சுன்னு கேக்காரு, வெள்ளந்தியா. நீங்கதான பாத்துக்கிட்டு இருந்திய பாய்ங்கேன். நேரமே ஆகலியேம்மா, கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள பாத்துட்டியன்னு மெதுவாச் சொல்லுதாரு. அதத்தான் சொல்லுங்க. அந்த வார்த்தையவே சொல்லுங்க.

படியெறங்குதேன். முட்டி வலிக்கி, கைப்பிடியப் பிடிச்சிக்கிடுதேன். குடத்துக்காரன் மறுபடியும் டர்ர்ருங்கான், எவளோ ஒருத்தி பேரு எழுத்து எழுத்தா விழுது, பக்கத்துல அவ மாப்பிள பல்லக் காட்டிக்கிட்டு நிக்கான். டீயக் குடிக்காம வந்துட்டேன். நேரா பேங்குக்குப் போகணும், இன்னும் போகல, மாசம் முடியப்போகுது. தனியாப் போயி நிக்கணும், மூக்குல கை வச்சிப் பாக்கச் சொல்ல ஆளு கெடையாது, இருந்தாலும் போடணும். நான் உயிரோட இருக்கேன். அவனும் பட்டாளத்துப் பென்சன்காரன்தான. அவனுக்கும் இதே நவம்பர்தான. ஏதாவது ஒரு பேங்கு வாசல்ல, துப்பாக்கியோட உக்காந்திருக்குற காவலாளியத் தாண்டி உள்ள போயி, பேனாவக் கையில வாங்கி, நான் உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போடணும்லா. போடட்டும். இந்த வருசமும் போடட்டும், அடுத்த வருசமும் போடட்டும், பேனாவப் பிடிக்குற ஒவ்வொரு தடவையும் அவுக கையப் பாக்கட்டும். நல்லா இருக்கட்டும், நூறு வயசு இருக்கட்டும், மூதி.